பழைய பிக்கப்புக்கு ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ்: வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும்

என் வண்டி 1978 ஷெவ்ரலே சி10 பிக்கப். 350 கன அங்குல வி8 எஞ்சின். அதன் பின்னால் கம்பெனியிலிருந்தே வந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக், டிஎச்350. ஹூஸ்டன் தெருக்களுக்குள் ஓட்டும்வரை குறை எதுவும் தெரியாது. ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறி சான் அன்டோனியோ பக்கம் போனால்தான் தெரியும். 65 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,800 சுற்றில் கத்திக்கொண்டே வரும், பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாது. எஞ்சின் சுற்றைக் குறைக்கும் நாலாவது கியர் (ஓவர்டிரைவ்) வேண்டும் என்று முடிவு செய்து 700ஆர்4 என்ற ஓவர்டிரைவ் கியர்பாக்ஸை வாங்கி மாட்டினேன். அது 300 மைல்கூடத் தாங்கவில்லை. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது, நாலாவது கியர்களைப் பிடிக்கும் 3-4 கிளட்ச் தட்டுகள் அடுப்புக்கரி போல இருந்தன. அதையே சரிசெய்து மறுபடி மாட்டி மூன்று வருடம் ஆகிறது. இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டு முறையும் அதே கியர்பாக்ஸ், அதே எஞ்சின். மாறியது அதைச் சுற்றி நான் மாட்டிய சாமான்களும் மாட்டிய விதமும்தான். அதனால் இந்தக் கட்டுரையில் கேபிள், கன்வெர்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் உருளை), கூலர் (கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விப்பது) இந்த மூன்றுக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். பழைய ஷெவ்ரலே அல்லது ஜிஎம்சி பிக்கப் வாங்கி, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் கணக்கு, பிறகு கடை

உங்கள் வண்டிக்கு ஓவர்டிரைவ் பயன்படுமா என்பதைப் பின் ஆக்சிலின் பல் விகிதம்தான் முடிவு செய்யும். கையுறைப் பெட்டியின் கதவு உள்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஆக்சிலுக்கான குறியீட்டைத் தேடுங்கள். ஜியு4 என்றால் 3.08, ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73. ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் கையாலேயே அளக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, லீவரை நியூட்ரலில் போட்டு, பின்னால் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். இது சாதாரண டிஃபரன்ஷியலுக்கு மட்டுமே சரிவரும், இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர் உள்ளதில் இப்படிச் சக்கரம் சுற்றாது.

இனி கணக்கு. மைல் வேகத்தை ஆக்சில் விகிதத்தாலும் 336ஆலும் பெருக்கி, டயர் உயரத்தால் (அங்குலத்தில்) வகுத்தால் நேர் கியரில் (1:1) எஞ்சின் சுற்று கிடைக்கும். 235/75ஆர்15 டயரின் உயரம் சுமார் 28.9 அங்குலம். என் 3.73 ஆக்சிலுக்கு 65 மைலில் வருவது 2,819. 700ஆர்4இன் நாலாவது கியர் 0.70, ஆகவே அது 1,973 ஆகிவிடும். இந்த 850 சுற்றுக்காகத்தான் இவ்வளவு பாடு.

3.08 ஆக்சில் வைத்திருப்பவர்களே, நில்லுங்கள். உங்களுக்கு நேர் கியரிலேயே 2,330தான் வரும், ஓவர்டிரைவில் 1,630க்கு இறங்கிவிடும். லேசான மேட்டிலும் எஞ்சின் திணறும், கியர் மூன்றுக்கும் நாலுக்கும் இடையே அல்லாடும். அந்த அல்லாட்டம் கிளட்சைத் தின்றுவிடும். ஆக்சில் பல்லையும் சேர்த்து மாற்றப் பணம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. டிஎச்350இன் முதல் கியர் 2.52, இதில் 3.06. சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி லேசாகிவிட்டது போலிருக்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்கு (1.63) விழும்போது இடைவெளி பெரிது, அது பழக ஒரு வாரம் ஆகும்.

2. எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது

700ஆர்4 1982இல் வந்தது. 1990இலிருந்து அதற்கு 4எல்60 என்று பெயர். 1993 வாக்கில் வந்த 4எல்60இ மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடுவது. அதற்குத் தனிக் கம்ப்யூட்டர் வேண்டும் என்பதால் கார்பரேட்டர் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

1982 முதல் 1984 வரையிலான பெட்டிகளில் உள்நுழையும் ஷாஃப்டில் 27 பற்கள்தான், அவை பலவீனம். 1985க்குப் பின் 30 பற்கள். 1987க்கு மேல் உள்ளே இன்னும் பல திருத்தங்கள் செய்தார்கள். எனவே கேட்க வேண்டியது 1987 முதல் 1992 வரையிலான ஒன்றை.

பழைய சாமான் யார்டில் நிற்கும்போது ஆயில் பான், அதாவது அடியில் ஆயில் தேங்கும் தட்டு, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 700ஆர்4இன் பான் சதுரத்துக்கு நெருங்கிய வடிவம், 16 போல்ட். டிஎச்350இன் பானுக்கு 13 போல்ட், ஒரு மூலை வெட்டினாற்போல இருக்கும். விற்பவர் என்ன பெயர் சொன்னாலும் போல்ட்டை எண்ணுங்கள்.

எல்லா 700ஆர்4உம் உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. எஸ்10 சின்ன பிக்கப்பில் 2.8 லிட்டர் வி6க்கு வந்ததன் மணி வடிவ முன்பக்கம் வேறு, வி8இன் ஓட்டைகளோடு சேராது. 4.3 லிட்டர் வி6க்கு வந்தது சேரும். நாலு சக்கர ஓட்ட வண்டியிலிருந்து எடுத்ததற்கு வால்பகுதி வேறு. கார்வெட்டின் வால்பகுதியும் தனி ரகம். கமாரோவிலிருந்து வந்ததில் டார்க் ஆர்ம் என்ற நீண்ட கம்பியைப் பிடிக்கும் இடம் வாலில் இருக்கும். விலை குறைவாக விளம்பரத்தில் வருபவை பெரும்பாலும் இந்த வகைதான். ஃபோட்டோ கேளுங்கள், முன்பக்கம் ஒன்று, வால்பக்கம் ஒன்று.

ரீபில்ட் செய்ததை வாங்கினால் உள்ளே என்ன போட்டார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். இந்தப் பெட்டியின் தெரிந்த பலவீனங்கள் மூன்று. 3-4 கிளட்ச் கருகுவது. சன் ஷெல் என்கிற மெல்லிய உருளையின் பல் உடைவது. பம்புக்குள் இருக்கும் வளையங்கள் உடைவது. கடினப்படுத்திய சன் ஷெல், கடினப்படுத்திய பம்ப் வளையம், கார்வெட் ரகப் பெரிய சர்வோ (பேண்டை இறுக்கும் பிஸ்டன்), புதிய 2-4 பேண்ட் (இரண்டாவது, நாலாவது கியர்களுக்கான பட்டை), கூடுதல் 3-4 தட்டுகள்: இவை போட்டிருந்தால் ஒரு பிக்கப்புக்குப் போதும். பந்தய வண்டி அளவுக்கு விலை சொல்பவர்களிடம் மாட்ட வேண்டாம்.

3. கையில் வாங்க வேண்டிய தாள்கள்

முதல் முறை என்னிடம் இருந்தது ஒரு கிரெடிட் கார்டு ரசீது மட்டும். பெட்டி கருகியதும் விற்ற கடைக்கு ஃபோன் செய்தேன். கூலரைக் கழுவியதற்குச் சான்று உண்டா, கேபிளைச் சரிபார்த்த அழுத்த அளவு எழுதி வைத்தீர்களா என்று கேட்டார்கள். என்னிடம் எதுவும் இல்லை, உத்தரவாதமும் செல்லவில்லை. உத்தரவாதத் தாளின் பின்பக்கத்தில் இந்த நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருந்தன. நான் அதைப் படிக்கவே இல்லை.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: பெட்டியின் வரிசை எண், உள்ளே மாற்றிய பாகங்கள், உத்தரவாதம் எத்தனை மாதம் அல்லது மைல், கழற்றி மாட்டும் கூலியும் அதில் அடங்குமா, டிரெய்லர் இழுத்தால் செல்லுமா, பழைய பெட்டிக்கான முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் திருப்பித் தந்தால் அது கிடைக்கும். இந்த முன்பணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 700ஆர்4 வாங்கும்போது சில கடைகள் டிஎச்350ஐப் பதிலுக்கு ஏற்பதில்லை, அதே ரகம்தான் வேண்டும் என்பார்கள். அப்படியென்றால் அந்த 200, 300 டாலர் போனதுதான். முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களே மாட்டுவதானால் மாட்டும் நாளில் மைல் மீட்டரை ஃபோட்டோ எடுங்கள். கூலர் புதிதானால் அதன் பில்லும், பழையதானால் கழுவிய பட்டறையின் பில்லும் ஒரே உறையில் இருக்கட்டும்.

அரசுத் தாள்களில் வேலை குறைவு. கியர்பாக்ஸ் மாற்றியதற்காக டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) எதையும் மாற்ற வேண்டியதில்லை. டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது, பதிவு புதுப்பிக்கும்போது அதற்கு ஈடாக 7.50 டாலர் வாங்கிக்கொள்வார்கள். புகைச் சோதனை இருக்கிற கவுண்டிகளிலும் 24 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு விலக்கு உண்டு. கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கவனம்: அங்கே 1975 வரையிலான வண்டிகளுக்குத்தான் புகைச் சோதனை விலக்கு. உங்கள் வண்டி அதற்குப் பிந்தையது என்றால் வேலை தொடங்கும் முன் மாநில விதியைப் படித்துவிடுங்கள்.

4. என் செலவு, என் நாட்கள்

ரீபில்ட் பெட்டியும் கன்வெர்டரும் சேர்த்து 1,850 டாலர். கூலர், குழாய், இணைப்புகள் 110. டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளும் கார்பரேட்டர் பிராக்கெட்டும் 140. லாக்கப் வயரிங் 90. டிரைவ் ஷாஃப்டைக் குறைத்து பேலன்ஸ் செய்ய 190. ஆயில் 90. அழுத்தமானி 40. டிரான்ஸ்மிஷன் ஜாக்கி வாடகை 60. மொத்தம் 2,570. கருகிய பெட்டியை மறுபடி கட்ட 1,100 தனி. முதல் முறையே கேபிளைச் சரியாக வைத்திருந்தால் அந்த 1,100 என் பையிலேயே இருந்திருக்கும். வெளியே கொடுத்து மாட்டுவதற்கு இரண்டு பட்டறைகளில் கேட்டேன், கூலி மட்டும் 900 என்றது ஒன்று, 1,400 என்றது இன்னொன்று.

நாள் கணக்கு: மூன்று வார இறுதிகள். நடுவில் டிரைவ் ஷாஃப்ட் பட்டறையில் நாலு நாள் காத்திருப்பு. தினமும் வேலைக்குப் போக இந்த வண்டியையே நம்பியிருந்தால் வேறு ஏற்பாடு செய்துகொண்டு தொடங்குங்கள். அவசரத்தில் மாட்டிய கியர்பாக்ஸ் அவசரமாகவே இறங்கும்.

பெட்ரோல் மிச்சத்தால் இந்தப் பணம் திரும்பிவிடும் என்று எண்ண வேண்டாம். நெடுஞ்சாலையில் எனக்குக் கேலனுக்கு ஏறத்தாழ மூன்று மைல் கூடியது. நான் செலவழித்தது காதுக்கும் எஞ்சினின் ஆயுளுக்கும்.

5. கழற்றும்போது

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு வண்டியை நாலு ஸ்டாண்டில் உயரமாக நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கக் கூடாது. கன்வெர்டரும் மிச்ச ஆயிலும் சேர்ந்தால் 700ஆர்4 200 பவுண்டு பக்கம் வரும். அதை நெஞ்சில் தாங்கி ஏற்றியதாகச் சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஜாக்கி வாடகை ஆஸ்பத்திரிச் செலவைவிடக் குறைவு.

பழைய டிஎச்350க்கு எஞ்சினிலிருந்து ஒரு வேக்குவம் குழாய் வரும். புதிய பெட்டியில் அதற்கு இடமில்லை. மேனிஃபோல்டில் அந்தத் துளையை மூடி போட்டு அடையுங்கள். திறந்தே விட்டால் ஐட்லிங் தடுமாறும், நீங்கள் கார்பரேட்டரைச் சந்தேகித்து ஒரு வாரம் அலைவீர்கள். பழைய டிப்ஸ்டிக் குழாயையும் தூக்கி வைத்துவிடுங்கள், 700ஆர்4க்குத் தனிக் குழாயும் தனி டிப்ஸ்டிக்கும் உண்டு. பழையதை வைத்துப் பார்க்கும் அளவு பொய்.

நீளத்துக்கு வருவோம். வால் 6 அங்குல டிஎச்350 சுமார் 27 முக்கால் அங்குலம், 700ஆர்4 30 முக்கால். எனவே டிரைவ் ஷாஃப்ட் 3 அங்குலம் குறைய வேண்டும். வால் 9 அங்குல டிஎச்350 இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், நீளம் ஏறத்தாழ ஒன்றே, பழைய ஷாஃப்டே போதும். இரண்டுக்கும் வெளி ஷாஃப்டில் 27 பல் என்பதால் யோக் (பெட்டிக்குள் நுழையும் டிரைவ் ஷாஃப்டின் முன்முனை) மாற்ற வேண்டாம். டிஎச்400 என்ற இன்னொரு மூன்று கியர் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அது 32 பல், யோக்கும் மாற வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரை என் வண்டியில் 2 அங்குலம் பின்னால் தள்ளி, சேசிஸில் புதிதாக ஓட்டை போட்டுப் பூட்டினேன்.

ஷாஃப்ட் பட்டறைக்கு நீங்கள் தரும் அளவை புதிய பெட்டி ஏறி, கிராஸ்மெம்பர் பூட்டி, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது எடுங்கள். யோக்கை உள்ளே முட்டும்வரை தள்ளி, முக்கால் அங்குலம் வெளியே இழுத்து, ஜாயின்ட்டின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். பின் ஆக்சில் தொங்கும்போது எடுத்த அளவு தப்பு.

6. கன்வெர்டர்: மூன்று சத்தம்

கன்வெர்டரைப் பெட்டிக்குள் தள்ளும்போது அது மூன்று இடத்தில் பல்லோடு பல் கோத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஷாஃப்டுகளிலும் கடைசியாக பம்பிலும். ஒவ்வொன்றுக்கும் "டொக்" என்று ஒரு சத்தமும், கன்வெர்டர் ஒரு படி உள்ளே இறங்குவதும் தெரியும். முதலில் கால் லிட்டர் போல ஆயிலை அதற்குள் ஊற்றுங்கள். பின் பெட்டியை முன்பக்கம் சற்றே மேலே தூக்கிய நிலையில் வைத்து, கன்வெர்டரை இரு கையாலும் சுற்றிக்கொண்டே தள்ளுங்கள்.

எனக்கு உதவ வந்த மதுரைத் தம்பி அன்று கராஜ் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டாவது சத்தம் வந்ததும் நான் களைத்துப்போய், போதும் ஏற்றிவிடலாம் என்றேன். "அண்ணே, ரெண்டுதான் கேட்டுச்சு. மூணு வரலை" என்று அவன் நகராமல் நின்றான். இன்னும் இருபது நிமிடம் சுற்றித் தள்ளிய பிறகு, விரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வோடு மூன்றாவது இறங்கியது. முக்கால் அங்குலம் உள்ளே போயிருக்கும். அந்த மூன்றாவது இல்லாமல் போல்ட்டை முறுக்கியிருந்தால் கன்வெர்டர் பம்பை நசுக்கியிருக்கும். ஸ்டார்ட் செய்த அந்த நிமிடமே பம்ப் உடைந்திருக்கும்.

சரியா என்று பார்க்க இன்னொரு வழி: பெட்டியை எஞ்சினோடு ஒட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றுங்கள். இப்போது கன்வெர்டர் கையால் சுற்ற வேண்டும். அதற்கும் எஞ்சினின் பின்முனையில் சுற்றும் தட்டான ஃபிளெக்ஸ்பிளேட்டுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கிலிருந்து பதினாறில் மூன்று பங்குவரை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லை என்றால் கழற்றுங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்து இடைவெளியை அடைக்கப் பார்க்காதீர்கள்.

பழைய கன்வெர்டரின் போல்ட்டுகள் அங்குல அளவு, 700ஆர்4 கன்வெர்டருக்கு மெட்ரிக் 10 மில்லிமீட்டர். இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 1986லிருந்து வந்த 350 எஞ்சின்களில் பின் மெயின் சீல் ஒரே துண்டு, அவற்றின் ஃபிளெக்ஸ்பிளேட்டில் சமநிலை எடை உண்டு. பழைய எஞ்சினின் பிளேட்டில் போல்ட் ஓட்டைகளின் இடமும் வேறு, அது இதில் சேராது.

7. டிவி கேபிள்: பெட்டியின் உயிர்

கார்பரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். டிஎச்350இலும் ஒரு கேபிள் உண்டு, ஆனால் அது ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறக்குவதற்கு மட்டும். அது அறுந்தாலும் வண்டி ஓடும். 700ஆர்4இல் டிவி கேபிள்தான் உள்ளே கிளட்ச்சுகளைப் பிடிக்கும் ஆயில் அழுத்தத்தையே தீர்மானிக்கிறது. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்ற செய்தி இந்தக் கேபிள் வழியாகத்தான் பெட்டிக்குப் போகிறது. கேபிள் தளர்ந்திருந்தால், எஞ்சின் முழு பலத்தோடு தள்ளும்போதும் கிளட்ச்சுகளை அரைப் பலத்தில்தான் பிடிக்கும். அவை வழுக்கும், சூடாகும், கருகும்.

என்னிடம் நடந்தது இதுதான். கார்பரேட்டர் பிற்காலத்தில் யாரோ மாற்றியது. அதன் லீவரில் கையில் கிடைத்த ஓட்டையில் கேபிளை மாட்டினேன். வண்டி ஓடியது. கியர்கள் சீக்கிரம் சீக்கிரமாக, நெய் போல மெதுவாக மாறின. அருமையாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த மெதுவு கிளட்ச் வழுக்கிய மெதுவு. ஏறக்குறைய இரண்டு வாரம், அதற்குள் மூன்றாவது கியரே பிடிக்கவில்லை.

செய்ய வேண்டியது: உங்கள் கார்பரேட்டருக்கென்றே விற்கும் டிவி கேபிள் பிராக்கெட்டையும் திருத்தும் துண்டையும் வாங்குங்கள். லீவரின் மையத்திலிருந்து கேபிள் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இழுக்கப்படுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சரிசெய்யும் விதம் எளிது. எஞ்சினை அணைத்துவிட்டு, கேபிளின் பிடியில் உள்ள சின்ன பொத்தானை அழுத்தி, உள்ளிருக்கும் வழுக்குத் துண்டைக் கார்பரேட்டருக்கு எதிர்ப்பக்கமாக முழுதும் தள்ளி, பொத்தானை விடுங்கள். பிறகு கார்பரேட்டர் லீவரைக் கையால் முழுதாகத் திறங்கள். துண்டு "கிட் கிட்" என்று நகர்ந்து தானே நின்றுகொள்ளும். அதன் பின் ஒருவரை உள்ளே உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லி, பெடல் தரை தொடும்போதும் லீவர் முழுதாகத் திறக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். காலுக்கடியில் கிடக்கும் தடித்த மேட்கூட அதைத் தடுக்கும்.

இதோடு நிறுத்தாதீர்கள். பெட்டியின் பக்கத்தில் அழுத்தம் பார்க்கும் துளை இருக்கிறது. 40 டாலர் அழுத்தமானியை அதில் மாட்டி, ஐட்லிங்கில் வரும் எண்ணை ரீபில்ட் செய்தவர் தந்த தாளோடு ஒப்பிடுங்கள். லீவர் நகர ஆரம்பித்த உடனே ஊசியும் ஏற ஆரம்பிக்க வேண்டும். தாமதித்தால் கேபிள் தளர்வு. அந்த எண்ணை எழுதி, ஃபோட்டோ எடுத்து, உறையில் போடுங்கள். "கேபிளை அப்புறம் மாட்டிக்கலாம், சும்மா தெருவைச் சுற்றி வாங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

8. கூலர்

பழைய பெட்டி செத்திருந்தால் அதன் இரும்புப் பொடியும் கிளட்ச் தூளும் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரில் தங்கியிருக்கும். புதிய பெட்டி அதைக் குடிக்கும். குழாய்களை நன்றாகக் கழுவுங்கள். சந்தேகமிருந்தால் ரேடியேட்டரையே மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் முறை ரேடியேட்டருக்கு முன்னால் தட்டு அடுக்கிய தனிக் கூலர் ஒன்றைச் சேர்த்தேன். ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் ஆயில் அதன் வழியாகப் போய்ப் பெட்டிக்கு வருகிறது. எது போகும் குழாய், எது திரும்பும் குழாய் என்று குழப்பமானால் ஒன்றைக் கழற்றி வாளியில் விட்டு, எஞ்சினைச் சில நொடி மட்டும் ஓட்டிப் பாருங்கள். ரப்பர் குழாய் டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கு என்று எழுதியதாக இருக்கட்டும். பெட்ரோல் குழாய் சூட்டில் இறுகி வெடிக்கும்.

வெப்பமானி ஒன்றும் போடுங்கள். 175 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 220 தாண்டினால் கால் தளர்த்துங்கள். 250 என்றால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் ஐட்லிங் ஓடவிடுங்கள்.

9. வயர், லீவர், ஸ்பீடோமீட்டர்

கன்வெர்டருக்குள் ஒரு லாக்கப் கிளட்ச் உண்டு. நெடுஞ்சாலையில் அது பூட்டிக்கொண்டால் வழுக்கல் நின்று சூடு குறையும். கம்ப்யூட்டர் இல்லாத வண்டியில் ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் எடுத்து, பிரேக் சுவிட்ச், வேக்குவம் சுவிட்ச், நாலாவது கியரின் அழுத்த சுவிட்ச் என்று வரிசையாகக் கொண்டுபோக வேண்டும். பிரேக் சுவிட்சை விட்டுவிட்டால், நிற்கும்போது பூட்டு விடாமல் எஞ்சின் அணைந்துவிடும்.

ஸ்டியரிங் தண்டில் உள்ள லீவருக்குப் பழைய குறிகாட்டியில் ஆறு இடம்தான், 700ஆர்4க்கு ஏழு. ஓவர்டிரைவுக்கும் மூன்றாவது கியருக்கும் தனித்தனி இடம் வேண்டும். காட்டியை மாற்றாமல் ஓட்டினால் ஓவர்டிரைவில் இருப்பதாக நினைத்து மூன்றிலேயே போய்க்கொண்டிருப்பீர்கள். பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும்தான் ஸ்டார்ட் ஆகிறதா என்றும் சோதியுங்கள்.

ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள் வரும் வால்பகுதியா, இரண்டு வயர் சென்சார் உள்ள வால்பகுதியா என்று வாங்கும்போதே பாருங்கள். ஆக்சிலுக்கும் டயருக்கும் ஏற்ற பிளாஸ்டிக் பல்சக்கரம் போட்டால்தான் வேகம் சரியாகக் காட்டும். ஃபோனில் ஜிபிஎஸ் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

10. முதல் ஸ்டார்ட்

ஆயில் டெக்ஸ்ரான் 6. டெக்ஸ்ரான் 3க்கு ஜிஎம் கொடுத்த உரிமங்கள் 2006உடன் முடிந்துவிட்டன. 6 அதற்குப் பதிலாகப் பழைய பெட்டிகளிலும் ஊற்றத் தகுந்தது. ஸ்டார்ட் செய்யும் முன் 5 குவார்ட் ஊற்றுங்கள். பின் சக்கரங்கள் தரையில் படாமல் ஸ்டாண்டில் இருக்கட்டும். எஞ்சின் எடுத்த உடனே இன்னொருவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலியான பெட்டியும் கன்வெர்டரும் மொத்தம் 11 குவார்ட்டுக்கு மேல் குடிக்கும். பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடத்திலும் சில நொடி நிறுத்தி, திரும்பப் பார்க்குக்கு வாருங்கள்.

அளவு பார்ப்பது சூடானபின், சமதரையில், பார்க்கில், எஞ்சின் ஓடும்போது. பழைய டாட்ஜ் பிக்கப் வைத்திருக்கும் நண்பர் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அவர்களுக்கு நியூட்ரலில் பார்க்க வேண்டும்.

11. மாட்டியபின்

முதல் 500 மைலில் பானைக் கழற்றி ஃபில்டரை மாற்றுகிறேன். பிறகு 30,000 மைலுக்கு ஒரு முறை, டிரெய்லர் இழுத்தால் 15,000. பான் இறக்கினால் வருவது 5 குவார்ட் அளவுதான், மிச்சம் கன்வெர்டரில் தங்கும். பழைய பெட்டிகளில் இயந்திரம் வைத்து அழுத்தத்தில் கழுவும் வேலையை நான் செய்வதில்லை, செய்யச் சொல்வதும் இல்லை.

ஃபில்டரை இழுக்கும்போது அதன் கழுத்தில் இருக்கும் ரப்பர் சீல் மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதை எடுக்காமல் புதிய சீலை மேலே திணித்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பான் போல்ட்டை மிகையாக முறுக்கினால் விளிம்பு வளைந்து, எந்தப் பேக்கிங் போட்டாலும் ஒழுகும்.

டிரெய்லர் கட்டியிருந்தால் லீவரை 3இல் போடுங்கள், ஓவர்டிரைவில் இழுக்க வேண்டாம். ரிவர்ஸ், இரண்டு, நாலு மூன்றும் ஒன்றாகப் போய், ஒன்றும் மூன்றும் மட்டும் இருந்தால் சன் ஷெல் உடைந்திருக்கிறது. டோ வண்டியைக் கூப்பிடுங்கள், வீடுவரை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

பானின் உள்ளே அடியில் ஒரு காந்தம் இருக்கும். அதை விரலால் வழித்துப் பாருங்கள். பென்சில் ஈயம் போல மையான சாம்பல் நிறக் குழைவு வந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். நகத்தில் குத்துகிற இரும்புச் சிம்பு வந்தால், அல்லது ஆயிலில் கறுப்புத் துணுக்குகளும் தீய்ந்த வாடையும் இருந்தால், அந்தப் பானை மறுபடி மாட்டும் முன் ரீபில்ட் செய்தவருக்கு ஃபோட்டோ அனுப்புங்கள். என் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் தேதி, மைல், காந்தத்தில் வந்தது என்ன என்று மூன்றையும் எழுதி வைக்கிறேன். போன முறை எழுதியது: "சாம்பல் குழைவு, கொஞ்சம்."